ராஜலட்சுமி, டி. பி. (1911–1964)

டி. பி. ராஜலட்சுமி தமிழ் ஊமைப்படங்களின் கடைசி ஆண்டுகளில் திரைக்கு வந்து, தமிழின் முதல் பேசும்படத்தில் கதாநாயகியாக நடித்தவர். நாடக நடிகை, பாடகி, நாவலாசிரியர், தயாரிப்பாளர், இயக்குநர் எனப் பல நிலைகளில் இயங்கினார். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் அவர் பேசிய தமிழே முழுநீளப் படம் ஒன்றில் ஒலித்த முதல் தமிழ். 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்து, தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனார். ரசிகர்கள் அவரைச் ‘சினிமா ராணி’ என்று அழைத்தார்கள்.

பிறப்பும் இளமையும்

தஞ்சாவூர் மாவட்டம் சாலியமங்கலத்தில் 1911 நவம்பர் 11 அன்று பிறந்தார். பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகள் திருவையாற்றையும் தந்தை பஞ்சாபகேசனையும் குறிப்பவை. தந்தை ஊர்க் கர்ணம். தாயார் மீனாட்சி. கேட்டதைக் கேட்டபடி திருப்பிப் பாடும் திறமை சிறு வயதிலேயே ராஜலட்சுமிக்கு இருந்தது.

அக்காலப் பிராமணக் குடும்ப வழக்கப்படி பத்து வயது நிறையும் முன்பே அவருக்குக் கல்யாணம் நடந்தது. வரதட்சணைத் தகராறில் அந்த உறவு முறிந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பினார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக வரையறுத்த சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. அவர் முதல் ஊமைப்படத்தில் நடித்ததும் அதே ஆண்டில்தான். சட்டம் வருவதற்குள் அந்தச் சிறுமி வளர்ந்து தன் சம்பாத்தியத்தில் நிற்கத் தொடங்கிவிட்டார்.

தந்தை காலமான பிறகு குடும்பம் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. வாழாவெட்டி என்று ஊர் பேசிய பெண்ணுக்கு அன்று இருந்த வழிகள் மிகச் சில. நாடகக் கம்பெனி அவற்றில் ஒன்று. அதுவும் அவருடைய சாதியில் யாரும் ஒப்பும் வழி அல்ல. மகள் மேடையேறினால் உறவு அறுந்துபோகும் என்று தெரிந்தும், தாயார் மகளின் பக்கம் நின்றார்.

நாடக மேடை

சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்து, சங்கரதாஸ் சுவாமிகளின் ‘பவளக்கொடி’யில் மேடையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் வெவ்வேறு குழுக்களோடு தமிழ்நாடெங்கும் சுற்றினார். மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் அவர் பெயர் போட்டால் கொட்டகை நிறையும் என்ற நிலை வந்தது.

அன்றைய ‘ஸ்பெஷல் நாடக’ முறையில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஒவ்வோர் ஊரிலிருந்து நடிகரை வரவழைப்பார்கள். முன்கூட்டி ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். மேடையில் எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுத்தாலும் அதே சுருதியில் பதில் பாட வேண்டும். வாதத்தில் தோற்றால் ஊர் சிரிக்கும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டுக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை அவருடையது. பின்னாளில் பம்பாயில் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கையில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

தேசிய இயக்கம் மேடைக்குள்ளும் வந்த காலம் அது. புராண நாடகத்தின் நடுவே கதருக்கும் காந்திக்கும் பாட்டுப் பாடுவது வழக்கமாயிற்று. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதித் தந்த பாட்டுகள் ஊர் ஊராகப் பரவின. ராஜலட்சுமியும் அவற்றை மேடையில் பாடியவர். அதனால் போலீசின் கண்காணிப்புக்கும் உள்ளானார்.

ஊமைப்படமும் பெண்களும்

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3 அன்று திரைக்கு வந்தது. அதில் தாராமதியாக நடிக்கப் பால்கேக்குப் பெண் கிடைக்கவில்லை. உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்த அன்னா சாளுங்கே என்ற இளைஞர் சேலை கட்டி நடித்தார். அதே ஆண்டு எடுத்த ‘மோகினி பஸ்மாசுர’னில்தான் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள். இந்தியத் திரையில் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்றது அதிலிருந்துதான்.

தயக்கம் அதோடு தீரவில்லை. ‘நல்ல குடும்பத்து’ப் பெண்கள் ஒதுங்கி நின்ற இடத்தை ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் நிரப்பினார்கள். ரூபி மையர்ஸ் ‘சுலோசனா’ ஆனார். ரெனே ஸ்மித் ‘சீதா தேவி’ ஆனார். பேச்சே இல்லாத படத்தில் சீதைக்கு என்ன தாய்மொழி என்று யாரும் கேட்கப் போவதில்லை. முகமும் அசைவும் போதும். 1927–28இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியச் சினிமாவைப் பற்றி விசாரித்த குழுவின் முன்னும் ‘நல்ல குடும்பத்து’ப் பெண்கள் நடிக்கத் தயங்குவது பற்றிய பேச்சு அடிபட்டது.

வேலூர்க்காரர் தொடங்கிவைத்தது

தென்னிந்திய ஊமைப்படத்தின் தொடக்கம் வேலூரோடு சம்பந்தப்பட்டது. 1885இல் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் சென்னையில் சைக்கிள், மோட்டார் வாகன வியாபாரம் செய்தவர். பால்கேயின் படங்களைப் பார்த்து ஆர்வம் பிடித்து, புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றார். சென்னைப் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ‘இந்தியா ஃபிலிம் கம்பெனி’யைத் தொடங்கி, 1917–18இல் ‘கீசக வத’த்தை எடுத்தார். பம்மல் சம்பந்த முதலியார் யோசனை சொன்னார். ராஜு முதலியார் கீசகனாகவும், ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தார்கள்.

வெள்ளைத் துணிக் கூரையில் வடிகட்டிய வெயிலே விளக்கு. கேமராவின் பிடியைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் திரையில் ஆட்கள் துள்ளுவார்கள் அல்லது இழுபடுவார்கள். சென்னைச் சூட்டில் பிலிம் கழுவுவது கஷ்டம் என்பதால் பெங்களூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் வைத்து, வாராவாரம் அங்கே போய்ப் படச்சுருளைக் கழுவிக்கொண்டு வந்தார் முதலியார். சென்னை, பெங்களூர் ஆகிய இவ்விரு நகரங்களுக்கு இடையே பிறந்ததுதான் தென்னாட்டுச் சினிமா. அடுத்து எடுத்த ‘திரௌபதி வஸ்திராபகரண’த்தில் திரௌபதி வேடம் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்ணுக்குப் போனது. 1923இல் ஸ்டூடியோ தீக்கிரையானது, மகனும் இறந்துபோனான். முதலியார் படத் தொழிலை விட்டார், 1971இல் காலமானார்.

அவர் விட்ட இடத்தை ரகுபதி பிரகாசாவும், பிறகு ஏ. நாராயணனும், ஆர். பத்மநாபனும் எடுத்துக்கொண்டார்கள். நாராயணன் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் சென்னையில் ஊமைப்படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தது. பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ், பம்பாயில் பேர் வாங்கியிருந்த புதுக்கோட்டைக்காரர் ராஜா சாண்டோவை வரவழைத்துப் புராணத்தை விட்டுச் சமூகக் கதைகளின் பக்கம் திரும்பியது. இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் நடிகைகள் தேவைப்பட்டார்கள். ஆடவும் பாவம் காட்டவும் தெரிந்து, கூட்டத்தைக் கண்டு கூசாத பெண்கள் நாடகக் கொட்டகைகளில் இருந்தார்கள்.

ராஜலட்சுமியின் ஊமைப்படங்கள்

1929இல் ஜெனரல் பிக்சர்ஸ் எடுத்த ‘கோவல’னில் ராஜலட்சுமி மாதவியாக நடித்தார். அது அவருடைய முதல் படம். பிறகு ‘உஷா சுந்தரி’யிலும், ராஜா சாண்டோ இயக்கிய ‘ராஜேஸ்வரி’யிலும் நடித்தார்.

மாதவி வேடம் கவனிக்கத்தக்கது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடல் மகள். கோவலன் அவளை விட்டுப் பிரிவதற்குக் காரணமே கடற்கரையில் அவள் பாடிய பாட்டு. மேடையில் பாட்டால் பேர் வாங்கிய நடிகை, பாட்டால் வாழ்ந்து பாட்டால் இழந்த பாத்திரத்தை, வாய் அசைந்தும் ஓசை வராத திரையில் நடிக்க வேண்டியிருந்தது. அவரிடம் இருந்த பெரிய சொத்தை ஊமைப்படம் தொடவே இல்லை. ஆட்டத்தையும் கண்ணையும் கையையும் மட்டும் எடுத்துக்கொண்டது.

பாட்டு இல்லை என்பதால் கொட்டகை அமைதியாக இருந்ததாக நினைக்கக் கூடாது. திரைக்குக் கீழே ஆர்மோனியமும் தபலாவும் வாசிப்பார்கள். ஒருவர் நின்று, திரையில் வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வார். படிக்கத் தெரியாத பெரும்பாலோருக்கு அவர் குரலே வசனம். சண்டைக் காட்சியில் கதாநாயகனுக்கு உற்சாகம் ஊட்டுவதும், வில்லனை ஏசுவதும் அவர் வேலையில் சேர்ந்தவை. ராஜலட்சுமி திரையில் வாயசைக்க, அவருக்காகக் கொட்டகையில் பேசியது யாரோ ஓர் ஆண்.

காளிதாஸ்

1931 மார்ச் 14 அன்று பம்பாயில் இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ பேசியது. அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் மூவிடோன், கையோடு தென்னாட்டுச் சந்தைக்கும் ஒரு பேசும்படம் எடுக்கத் தீர்மானித்தது. கம்பெனியில் இருந்த எச். எம். ரெட்டி இயக்குநர். தமிழ் பேசவும் பாடவும் ஆடவும் கூடிய, முன்பே கேமராவுக்குப் பழகிய நடிகை வேண்டும் என்றபோது ராஜலட்சுமி பம்பாய்க்குப் போனார். அவர் ஆடிப் பாடிய ‘குறத்திப் பாட்டும் டான்ஸும்’ என்ற குறும்படமும் அங்கே தயாராயிற்று.

‘ஆலம் ஆரா’வுக்குப் போட்ட அரங்கங்களிலேயே ‘காளிதா’ஸை எட்டு நாளில் எடுத்து முடித்தார்கள். இளவரசி வித்யாதரியை மந்திரி சூழ்ச்சி செய்து ஒரு மூடனுக்குக் கட்டிவைக்கிறான். காளியின் அருளால் அவன் கவி காளிதாசன் ஆகிறான். இதுவே கதை. ராஜலட்சுமி இளவரசி, பி. ஜி. வெங்கடேசன் காளிதாசன். பின்னாளில் பெரும் தயாரிப்பாளரான எல். வி. பிரசாத் பூசாரியாக வந்து சிரிக்க வைத்தார். ராஜலட்சுமி தமிழில் பேச, வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொன்னார். சிலர் இந்தியில் பேசினார்கள். அதனால் இதை முழுத் தமிழ்ப் படம் என்று சொல்வது பொருந்தாது. முதலில் தமிழ் கேட்ட படம் என்பதே சரி.

பின்னணிப் பாடல் என்ற வசதி அப்போது கிடையாது. நடிப்பவரே அந்த இடத்திலேயே பாட வேண்டும். ஒலிவாங்கியை ஜாடிக்குப் பின்னாலோ செடிக்குள்ளோ மறைத்து வைப்பார்கள். அதை விட்டு நகர்ந்தால் குரல் தேயும். தொலைதூரத் தரை டிக்கெட்டுக்குப் பாடிப் பழகியவர் இங்கே நாலடித் தூரத்தில் இருக்கும் இயந்திரத்துக்குப் பாடினார். தியாகராசர் கீர்த்தனைகளும், காந்தியின் கைராட்டையைப் போற்றும் பாஸ்கரதாஸின் பாட்டும் படத்தில் இருந்தன. காளிதாசன் கதைக்கும் கைராட்டைக்கும் சம்பந்தமே இல்லை. நாடகத்தில் செல்லுபடியான வழக்கம் அப்படியே சினிமாவுக்குள் வந்தது, அவ்வளவுதான். வந்த பாட்டை மக்கள் கைதட்டி வரவேற்றார்கள்.

பம்பாயிலிருந்து படப்பெட்டி சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிய காட்சி தமிழ்ச் சினிமா வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படுவது. கூட்டம் பெட்டியின் பின்னால் வால்டாக்ஸ் சாலை வழியாக ஊர்வலம் போயிற்று. பெட்டி மேல் பூத் தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுபத்தி கொளுத்தினார்கள். படம் திரையிட்ட கினிமா சென்ட்ரல் பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் ஆனது. சுமார் 8,000 ரூபாயில் எடுத்த படம் 75,000 ரூபாய்க்கு மேல் ஈட்டியது.

ஒலி வந்தபோது

இந்திய ஊமைப்படங்களின் நட்சத்திரங்கள் பலருக்கு ஒலி ஒரு சோதனையாக வந்தது. இந்தியாவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய சுலோசனா இந்துஸ்தானி கற்றுக்கொள்ளச் சிறிது காலம் ஒதுங்க வேண்டியிருந்தது. மற்றவர்களில் பலர் திரும்பவே இல்லை. ராஜலட்சுமியின் நிலைமை நேர்மாறானது. ஊமைப்படம் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த குரலைத்தான் பேசும்படம் தேடி வந்தது. ஆனால் நாடகத்திலிருந்து நேரே பம்பாய்க்குப் போன பாடகி அல்ல அவர். கேமராவின் எல்லைக்குள் நிற்பது, சட்டத்தை விட்டு விலகாமல் அசைவது, பார்வையாளர் இல்லாத இடத்தில் நடிப்பது ஆகியவற்றை மூன்று ஊமைப்படங்களில் முன்பே கற்றிருந்தார். மேடைத் தொண்டையும் ஊமைப்படக் கண்ணும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அந்த இடம் அவருக்கு வந்தது.

1933இல் கல்கத்தா பயோனியர் பிலிம் கம்பெனியில், கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்டின் பங்கோடு எடுத்த ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியாக நடித்தார். பி. வி. ராவ் இயக்கிய அந்தப் படம் நன்றாக ஓடிற்று. அதில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை ராஜலட்சுமி மணந்தார். சிறுவயதில் ஒருமுறை தாலி கட்டப்பட்ட பெண், தாமே விரும்பி மறுமணம் செய்துகொண்டது அந்நாளில் பெரிய காரியம்.

1934இல் ஆர். பத்மநாபன் இயக்கிய ‘திரௌபதி வஸ்திராபகரண’த்தில் திரௌபதி ஆனார். வி. ஏ. செல்லப்பா, செருகளத்தூர் சாமா ஆகியோரும் நடித்த படம். நடராஜ முதலியார் வேறு வழியின்றி ஆங்கிலோ-இந்தியப் பெண்ணிடம் கொடுத்த அதே வேடம், பதினைந்து ஆண்டு கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கத்து நடிகை ஒருவரிடம் தமிழோடு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பெண்ணுக்குத் திரையில் கிடைத்த இடம் எவ்வளவு மாறிற்று என்பதை இந்த ஒரு வேடத்தை வைத்தே அளந்துவிடலாம்.

எழுத்தும் இயக்கமும்: மிஸ் கமலா

நடித்துக்கொண்டிருந்தபோதே நாவல்களும் எழுதினார். அவற்றுள் முக்கியமானது ‘கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்’. ஒருவனைக் காதலிக்கும் பெண்ணை இன்னொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். உண்மை தெரிந்ததும் கணவன் அவளைக் கோபிக்கவில்லை. காதலனோடு சேர்த்துவைத்து, தான் அவளுக்குச் சகோதரனாக நிற்கிறான். பெண்ணின் சம்மதம் கேளாத கல்யாணம் கல்யாணமே அல்ல என்பதுதான் கதையின் வாதம். ஆசிரியரின் சொந்த வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று விளங்கும்.

ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி, அந்த நாவலை 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் படமாக எடுத்தார். கதை, வசனம், தயாரிப்பு, இயக்கம், கதாநாயகி எல்லாம் அவரே. இந்தியாவில் அதற்கு முன்பு படம் இயக்கிய பெண்ணாக முதலில் அறியப்படுபவர் பாத்மா பேகம். அவரும் ஊமைப்பட நடிகை, 1926இல் ‘புல்புல்-ஏ-பரிஸ்தா’னை இயக்கியவர். ‘ஆலம் ஆரா’வின் கதாநாயகி சுபைதா அவருடைய மகள். வடக்கே பாத்மா பேகம், தெற்கே ராஜலட்சுமி என்று இருவருமே நடிப்பில் சம்பாதித்த பணத்தைப் போட்டுத்தான் இயக்குநர் ஆனார்கள். பெண்ணை நம்பி முதல் போட அன்று எந்த முதலாளியும் முன்வரவில்லை.

புராணக் கதைகள் கல்லாவை நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் ‘மிஸ் கமலா’ ஒரு சமூகப் படம். வசூல் கைகொடுக்கவில்லை. அதற்காக அவர் பின்வாங்கவும் இல்லை, 1939இல் வி. ஏ. செல்லப்பா நடித்த ‘மதுரை வீர’னையும் இயக்கினார். இடையே ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ (1938) முதலிய பிறர் படங்களிலும் நடித்தார். டி. ஆர். மகாலிங்கம் சிறுவனாக அறிமுகமான படம் அது.

பிற்காலம்

நாற்பதுகளில் புதிய முகங்களும் பின்னணிப் பாடலும் வந்தன. பாடத் தெரிந்தவர்தான் நடிக்கலாம் என்ற விதி தளர்ந்தது. எந்தக் குரலுக்காக ராஜலட்சுமியைத் திரையுலகம் தேடியதோ, அந்தக் குரலை இனி வேறொருவரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. சொந்தப் படங்களில் போட்ட பணமும் திரும்பவில்லை. கீழ்ப்பாக்கத்தில் ‘ராஜரங்கம்’ என்ற பெயரில் பெரிய வீடு வைத்து வாழ்ந்தவர், கடைசி ஆண்டுகளை நெருக்கடியில் கழித்தார்.

பெண் குழந்தையைக் கொல்லும் வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். சாக இருந்த ஒரு பெண் குழந்தையை எடுத்துத் தம் மகளாகவே வளர்த்தார். 1961இல் கலைமாமணி விருது பெற்றார். 1964 ஆகஸ்டு 20 அன்று சென்னையில் காலமானார்.

படங்கள் அழிந்த விதமும் மதிப்பீடும்

‘கோவலன்’, ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ மூன்றின் படச்சுருளும் இன்று இல்லை. அன்றைய பிலிம் நைட்ரேட் தளத்தில் ஆனது. வெயிலில் இளகும், பொடியாகும், சிறு பொறிக்கும் தீப்பிடிக்கும். ஓடி முடிந்த படத்தில் உள்ள வெள்ளிக்காகச் சுருளை உருக்கியவர்களும் உண்டு. இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் 1,300க்கும் மேல். அவற்றில் தப்பியவை மிகச் சில. தென்னாட்டு ஊமைப்படங்களில் முழுமைக்கு நெருங்கிக் கிடைப்பது மலையாள ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). அதுவும் நூலுரிமை வழக்கில் சிக்கிப் பதிப்பாளரிடம் முடங்கிக் கிடந்ததால் பிழைத்தது. ஆகவே அந்த மூன்று படங்களிலும் ராஜலட்சுமியின் நடிப்பை இன்று எடைபோட யாராலும் முடியாது. பாட்டுப் புத்தகம், விளம்பரம், நிழற்படம், நாவல் ஆகியவற்றைக் கொண்டுதான் அவர் வரலாற்றை எழுத வேண்டியிருக்கிறது.

‘முதல் கதாநாயகி’ என்ற ஒற்றை வரியில் அவரை அடக்குவது பாட நூல்களின் வழக்கம். அந்தச் சொல் அவரை அதிர்ஷ்டசாலியாக மட்டுமே காட்டுகிறது. யார் முதலில் போய் நின்றிருந்தாலும் அந்தப் பட்டம் கிடைத்திருக்கும் என்று தோன்றவைக்கிறது. 1929 முதல் 1939 வரை பத்தே ஆண்டுகளில் ஊமைப்படம், பேசும்படம், நாவல், தயாரிப்பு, இயக்கம் என்று அவர் ஏறிய படிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் விளங்குவார். பிறர் எழுதிய வசனத்தைப் பேசியவர், தாம் பேச வேண்டியதைத் தாமே எழுதும் இடத்துக்குப் போனார்.

அவர் போட்ட வழியில் உடனே யாரும் நடக்கவில்லை. ‘மிஸ் கமலா’வுக்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1953இல் பி. பானுமதி ‘சண்டிராணி’யை இயக்கினார். சாவித்திரியின் ‘குழந்தை உள்ளம்’ 1969இல் வந்தது. இருவருமே நடிப்பில் உச்சிக்குப் போய், தங்கள் செல்வாக்கின் பலத்தில் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர்கள். நடிகையாகப் பேரும் பணமும் சேர்த்த பிறகே ஒரு பெண் படம் இயக்கலாம் என்ற நிலை 1936இல் இருந்தபடியே முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது.